புகழ்பெற்ற வீரர் விபத்தில் சிக்கினார் என்ற செய்தி வரும்போது: ரசிகர்களுக்கும் குழு அட்மின்களுக்கும் ஒரு வழிகாட்டி

2022 டிசம்பர் 30, வெள்ளிக்கிழமை. விடியாத நேரம், ஐந்தரை மணி வாக்கில், டெல்லியிலிருந்து ரூர்க்கி போகும் நெடுஞ்சாலையில் நார்சன் அருகே இந்திய கிரிக்கெட் அணியின் விக்கெட் கீப்பர் ரிஷப் பண்ட் தனியாக ஓட்டிவந்த மெர்சிடிஸ் கார் நடுத்தடுப்பில் மோதித் தீப்பிடித்தது. என்ன காயம், எங்கே சிகிச்சை என்று கிரிக்கெட் வாரியம் அறிக்கை விடும் முன்பே எரிந்த காரின் படமும், ரத்தம் வழியும் முகத்தோடு அவர் கிடந்த வீடியோவும் நாடெங்கும் கைப்பேசிகளில் சுற்றிவிட்டன. படம் முந்திக்கொள்கிறது, தகவல் பின்னால் வருகிறது. அந்த இடைவெளியில்தான் வதந்தி பிறக்கிறது, பழி பிறக்கிறது, அடிபட்டவரின் குடும்பம் இரண்டாவது முறை அடிபடுகிறது. அந்த இடைவெளியைக் கடப்பது எப்படி என்பதே இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி.

முதலில் பார்க்க வேண்டியது: இதைச் சொல்ல இவர் உரியவரா?

விபத்துச் செய்தியில் நான்கு தனித்தனிக் கேள்விகள் கலந்து கிடக்கின்றன. விபத்து நடந்ததா? காயம் என்ன? எதனால் நடந்தது? எப்போது திரும்ப ஆடுவார்? நான்குக்கும் பதில் சொல்ல உரியவர்கள் வேறு, பதில் வரும் நேரமும் வேறு.

விபத்து நடந்ததா என்பதை அந்த மாவட்டப் போலீஸ் சொல்லும், சில மணி நேரத்துக்குள். காயத்தை மருத்துவமனையோ, வீரர் சார்ந்த வாரியமோ கிளப்போ சொல்லும். பண்ட் விஷயத்தில் வாரிய அறிக்கை அன்றே வந்தது: நெற்றியில் இரண்டு வெட்டுக்காயம், வலது முழங்காலில் லிகமென்ட் கிழிசல், வலது மணிக்கட்டு, கணுக்கால், கால்விரலில் அடி, முதுகில் சிராய்ப்பு. இவ்வளவு திட்டமாக ஓர் அறிக்கை வந்த பிறகு வேறு எந்தக் காயப் பட்டியலையும் பகிர வேண்டிய அவசியமே இல்லை. காரணம் தெரிய வாரக்கணக்கில் ஆகலாம். திரும்ப ஆடத் தகுதி பெற்றுவிட்டார் என்று வாரியம் அறிவித்தது 2024 மார்ச் 12 அன்று. நடுவில் பதினான்கு மாதம். அந்தப் பதினான்கு மாதமும் ‘உலகக் கோப்பைக்கு வந்துவிடுவார்’, ‘இனிமேல் கீப்பிங் கிடையாது’ என்று சொன்னவர்கள் எல்லாரும் ஊகத்தைத்தான் சொன்னார்கள்.

செய்தியில் ‘மருத்துவமனை வட்டாரம்’, ‘குடும்பத்துக்கு நெருக்கமானவர்’ என்று மட்டும் இருந்தால் அதை வாசிக்கலாம், அனுப்பக்கூடாது. ஊர் பேர் சொல்லி ஓர் அதிகாரியோ மருத்துவரோ பேசியிருந்தால், அது அவர் பேசும் தகுதியுள்ள விஷயமா என்று பாருங்கள். காவல்துறை அதிகாரி லிகமென்ட் பற்றிச் சொன்னாலும், டாக்டர் கார் வேகம் பற்றிச் சொன்னாலும் அது கேள்விப்பட்டதுதான்.

எக்ஸ் தளத்தில் நீலக்குறி இருப்பது இப்போது எதற்கும் சான்றல்ல, காசு கொடுத்தால் கிடைக்கிறது. வாரியத்தின் அல்லது கிளப்பின் இணையதளத்துக்குப் போய், அங்கே இருக்கும் இணைப்பு வழியாக அவர்களுடைய கணக்குக்குள் நுழையுங்கள். பெயரில் ஓர் எழுத்து மட்டும் மாறிய போலிக் கணக்குகள் இந்த வழியில் தாமாகக் கழிந்துவிடும்.

அதிகாரிகள் முதல் நாளில் சொல்வதும் மாறும் என்பதற்கு கோல்ஃப் வீரர் டைகர் உட்ஸ் விபத்தைவிடத் தெளிவான பாடம் கிடைக்காது. 2021 பிப்ரவரி 23 காலை, லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே சரிவான சாலையில் அவருடைய ஜெனிசிஸ் எஸ்யூவி தடம் விட்டு விலகி உருண்டது. தகட்டை வெட்டும் ஹைட்ராலிக் கருவி கொண்டு அவரை மீட்டதாக முதலில் அறிவிப்பு வந்தது. பிறகு அது திருத்தப்பட்டது: கோடரியும் நெம்புகோல் போன்ற ஒரு மீட்புக் கருவியும் கொண்டு முன்கண்ணாடி வழியாக வெளியே எடுத்தார்கள். இது வெறும் விபத்துதான் என்று மறுநாள் ஷெரிஃப் (அப்பகுதிக் காவல்துறைத் தலைவர்) சொன்னார். ஆறு வாரம் கழித்து, ஏப்ரல் 7 அன்று, அதே ஷெரிஃப் வேகம்தான் காரணம் என்று அறிவித்தார்: மணிக்கு சுமார் 72 கிலோமீட்டர் அனுமதிக்கப்பட்ட சாலையில் கார் 135 முதல் 140 கிலோமீட்டர் வேகத்தில் போயிருக்கிறது. அந்த ஆறு வாரமும் ‘குடித்திருந்தாரா’ என்று விவாதித்தவர்களுக்கும் தவறு, ‘அவர் மேல் பிழையே இல்லை’ என்று சத்தியம் செய்தவர்களுக்கும் தவறு. தேதி போடாமல் எதையும் பகிராதீர்கள் என்று சொல்வது இதனால்தான். ‘பிப்ரவரி 23, மாலை நிலவரம்’ என்று ஒரு வரி சேர்த்தால், நாளை அது மாறும்போது உங்கள் பதிவு பொய்யாகாது.

உயிர் போய்விட்டது என்ற செய்திக்கு மட்டும் இன்னும் கடுமையான விதி. போலீஸ், குடும்பம், கிளப் அல்லது கூட்டமைப்பு ஆகியவற்றில் குறைந்தது ஒருவராவது தம் பெயரில் சொல்லும்வரை வாயைத் திறக்கக்கூடாது, ‘உண்மையா?’ என்ற கேள்வியோடுகூட அனுப்பக்கூடாது. கேள்விக்குறி போட்டு அனுப்பினாலும் அதுவும் பரப்புவதுதான். 2025 ஜூலை 3 அன்று ஸ்பெயினின் சமோரா அருகே கார் விபத்தில் கால்பந்து வீரர் டியோகோ ஜோட்டாவும் அவர் தம்பியும் இறந்தபோது போர்ச்சுகல் கால்பந்துக் கூட்டமைப்பும் லிவர்பூல் கிளப்பும் அறிக்கை வெளியிட்டன. அப்படி வரட்டும். சில மணி நேரம் தாமதமாகத் தெரிந்துகொண்டதால் எந்த ரசிகருக்கும் நட்டமில்லை.

படமும் வீடியோவும்

கொள்கை ஒன்றே: முகமோ காயமோ தெரியும் எதையும் அனுப்ப வேண்டாம், உண்மையான படமாக இருந்தாலும். அவர் அந்த நேரத்தில் ‘எடு’ என்றோ ‘எடுக்காதே’ என்றோ சொல்லும் நிலையில் இல்லை. பண்டின் ரத்தம் தோய்ந்த வீடியோவைப் பரப்பியவர்களைக் கண்டித்து அன்றே ரோஹித் சர்மாவின் மனைவி ரித்திகா எழுதியதும் இதைத்தான். தொலைக்காட்சிகளும் மறைக்காமல் அப்படியே ஓட்டின. 2023 ஜனவரி 9 அன்று மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் எல்லாச் சேனல்களுக்கும் எச்சரிக்கை அனுப்பியபோது, அதில் காட்டிய உதாரணங்களில் ஒன்று டிசம்பர் 30 அன்று ஒரு கிரிக்கெட் வீரரின் காயத்தை மறைக்காமல் காட்டியது. அமெரிக்காவில் இது சட்டமாகவே ஆனது. 2020 ஜனவரியில் கூடைப்பந்து வீரர் கோபி பிரயன்ட் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்த பிறகு, அந்த இடத்தில் பணிக்கு வந்தவர்கள் எடுத்த படங்கள் கைமாறியது வெளியானது. அதே ஆண்டு கலிஃபோர்னியாவில், மீட்புப் பணிக்கு வருபவர்கள் வேலைக்குத் தேவையில்லாமல் இறந்தவர்களைப் படம் எடுப்பது குற்றம் என்று அவர் பெயரிலேயே சட்டம் வந்தது.

காயம் தெரியாத படம், அதாவது நசுங்கிய காரோ சாலையோ மட்டும் இருக்கும் படம் வந்தால், அது அதே விபத்துதானா என்று பார்ப்பது ஐந்து நிமிட வேலை. கூகுள் லென்ஸில் படத்தைப் போட்டு, பழைய தேதியில் எங்காவது வந்திருக்கிறதா என்று தேடுங்கள். வீடியோ என்றால் நிறுத்தி நிறுத்தி மூன்று நான்கு ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒவ்வொன்றாகத் தேடுங்கள். முதல் காட்சியில் சிக்காதது மூன்றாவதில் சிக்கும். பிறகு வெளிச்சம். வட இந்தியாவில் டிசம்பர் இறுதியில் ஐந்தரை மணிக்கு நல்ல இருட்டு. அந்த விபத்து என்று சொல்லி நண்பகல் வெயிலில் கார் மோதும் காட்சி வந்தால் மேலே பார்க்கத் தேவையில்லை. ஆனால் எரிந்து முடிந்த காரைப் பகலில் எடுத்த படம் உண்மையாக இருக்கலாம், மோதும் கணத்துக்கும் பிந்தைய படத்துக்கும் வித்தியாசம் பாருங்கள். நம்பர் பிளேட்டின் மாநில எழுத்து, ஸ்டியரிங் எந்தப் பக்கம், கடைப் பலகையில் என்ன மொழி: இவை மூன்றும் பெரும்பாலான போலிகளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

வாட்ஸப் குழுவின் அட்மினாக இருப்பவருக்குப் பொறுப்பு கூடுதல். செய்தி வந்ததுமே இதைச் செய்யலாம்:

அமைப்புகளில், குழுவுக்கு யார் செய்தி அனுப்பலாம் என்ற இடத்தில் ‘அட்மின்கள் மட்டும்’ என்று சில மணி நேரத்துக்கு மாற்றுங்கள். கோபப்படுபவர்கள் இருப்பார்கள், பரவாயில்லை. பிறகு ஒரே ஒரு செய்தி போடுங்கள். மாதிரிக்கு:

“ரிஷப் பண்ட் விபத்து பற்றி கிரிக்கெட் வாரியத்தின் அறிக்கை கீழே இருக்கிறது (டிசம்பர் 30 நிலவரம்). காயத்தைக் காட்டும் படம், வீடியோ எதுவும் குழுவில் வேண்டாம். வந்தால் நீக்கிவிடுவேன். அடுத்த அறிக்கை வந்ததும் நானே போடுகிறேன்.”

கடைசி வரி முக்கியம். அடுத்த தகவல் எங்கிருந்து வரும் என்று தெரிந்தால் ஆட்கள் தாங்களாகத் தேடி அலைய மாட்டார்கள். அதற்கு முன்பே யாராவது வீடியோ போட்டிருந்தால், அட்மின் அதை அழுத்திப் பிடித்து எல்லாருக்கும் நீக்க முடியும். நீங்களே தெரியாமல் அனுப்பியிருந்தால் சுமார் இரண்டரை நாள் வரை ‘அனைவருக்கும் நீக்கு’ வேலை செய்யும். ஆனால் தானாகப் பதிவிறங்கும் வசதி இருப்பவர் சிலரது போனின் கேலரியில் அது தங்கிவிடலாம், அதை நீக்க உங்களால் முடியாது. ‘பலமுறை பகிரப்பட்டது’ என்று இரட்டை அம்புக்குறியோடு வருவதை ஒரே நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸப்பே தடுத்திருக்கிறது. அந்தக் குறியைப் பார்த்ததும் கையை எடுத்துவிடுங்கள்.

மருத்துவ அறிக்கையை வாசிப்பது

இங்கேதான் நல்ல எண்ணம் உள்ளவர்களும் தடுமாறுகிறார்கள். அறிக்கையின் சொற்கள் அன்றாடப் பேச்சுச் சொற்கள் போலத் தோன்றும், பொருள் வேறு.

‘உடல்நிலை சீராக உள்ளது’ என்றால் நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், மூச்சு ஆகியவை மோசமாகிக்கொண்டு போகவில்லை என்று பொருள். காயம் சிறியது என்று பொருள் இல்லை. சீராக இருப்பவருக்கு நாளை ஐந்து மணி நேர அறுவை சிகிச்சை நடக்கலாம். ‘சீராக இருக்கிறார்’ என்பதை ‘ஆபத்து ஒன்றுமில்லை, அடுத்த தொடரில் ஆடுவார்’ என்று மொழிபெயர்ப்பது ரசிகர்கள் அதிகம் செய்யும் பிழை.

‘எம்ஆர்ஐ இயல்பு’ என்றால் எந்தப் பகுதியை ஸ்கேன் செய்தார்களோ அந்தப் பகுதி மட்டும் இயல்பு. டேராடூன் மருத்துவமனையில் முதல் நாள் பண்டின் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் எடுத்த எம்ஆர்ஐ இயல்பாக இருந்தது. கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் எடுக்க வேண்டியதைத் தள்ளிவைத்தார்கள். காரணம் வலியும் வீக்கமும். கால் கட்டுக்குள் இருக்கும்போது அந்தக் குழாய்க்குள் அரை மணி நேரத்துக்குமேல் அசையாமல் படுக்க வேண்டும், அது முடியாதபோது கட்டாயப்படுத்த மாட்டார்கள். ‘ஸ்கேன் தள்ளிவைப்பு’ என்ற தலைப்பைப் பார்த்ததும் எதையோ மறைக்கிறார்கள் என்று எழுதுவது அறியாமை.

வேறு மருத்துவமனைக்கு மாற்றுவதும் அப்படித்தான். 2023 ஜனவரி 4 அன்று பண்டை ஏர் ஆம்புலன்ஸில் மும்பைக்குக் கொண்டுபோனார்கள். நிலைமை மோசமானதால் அல்ல. விளையாட்டு வீரர்களின் முழங்கால் லிகமென்டைச் சரிசெய்யும் சிறப்பு நிபுணர் அங்கே கோகிலாபென் மருத்துவமனையில் இருந்தார். மாற்றம் என்றதும் ‘ஏன்?’ என்று கேட்பது சரி. அறிக்கையிலேயே பெரும்பாலும் பதில் இருக்கும், இரண்டாவது பத்திவரை வாசியுங்கள்.

லிகமென்ட் என்பது எலும்பை எலும்போடு கட்டி வைத்திருக்கும் நார். கிழிசலை மூன்று படியாகச் சொல்வார்கள்: முதல் படி இழுபட்டது, இரண்டாவது பாதி கிழிந்தது, மூன்றாவது முழுவதும் அறுந்தது. முழங்காலின் முன்புறக் குறுக்கு நார் (ஏசிஎல்) முழுவதும் அறுந்து, அதற்குப் பதிலாகப் புதிய நார் வைத்துத் தைத்தால் களத்துக்குத் திரும்ப ஒன்பது மாதமாவது ஆகும் என்பது பொதுவான கணக்கு. ஒன்றுக்கு மேற்பட்ட நார் அறுந்தால் இன்னும் அதிகம். விக்கெட் கீப்பருக்கு இது வேறு மாதிரிச் சோதனை. டெஸ்டில் ஒரு நாளுக்கு 90 ஓவர், அதாவது 540 பந்து, ஒவ்வொரு பந்துக்கும் குந்தி எழ வேண்டும். ஆழமாகக் குந்தும்போது முழங்காலின் பின்புறக் குறுக்கு நாரில்தான் சுமை ஏறும். பேட்டிங்குக்குத் தேறியவர் கீப்பிங்குக்குத் தேறியிருக்க வேண்டியதில்லை. வாரியத்தின் 2024 மார்ச் அறிக்கையில் ‘விக்கெட் கீப்பர் பேட்டராகத் தகுதி பெற்றார்’ என்று பார்த்துப் பார்த்து எழுதியது அதற்காக. அப்படிப்பட்ட சொல்லைத் தமிழில் சுருக்கிப் போடும்போது ‘பிட் ஆகிவிட்டார்’ என்று கரைத்துவிடாதீர்கள்.

எலும்பு முறிவில் ‘திறந்த முறிவு’ என்றால் முறிந்த இடத்தில் தோலும் கிழிந்து, புண் எலும்புவரை திறந்திருக்கிறது என்று பொருள். கிருமித்தொற்றுக்கு வழி திறந்துவிட்டது. ‘நொறுங்கிய முறிவு’ என்றால் எலும்பு பல துண்டாகிவிட்டது. டைகர் உட்ஸின் வலது காலில் முழங்காலுக்குக் கீழே உள்ள இரண்டு எலும்புக்கும் இரண்டும் நேர்ந்தது. உள்ளே கம்பி செருகி, பாதத்திலும் கணுக்காலிலும் திருகாணிகளும் ஊசிகளும் வைத்தார்கள். அவரும் பெரிய போட்டிகளுக்குத் திரும்பியது 2022 ஏப்ரல் மாஸ்டர்ஸில்தான், விபத்துக்குப் பிறகு ஏறத்தாழ அதே பதினான்காவது மாதத்தில்.

காரணம், பழி

பண்ட் விபத்தில் முதல் நாள் போலீஸ் சொன்னது, ஓட்டும்போது கண்ணயர்ந்திருக்கலாம் என்று. இரண்டு நாள் கழித்து உத்தராகண்ட் முதல்வர் புஷ்கர் சிங் தாமி அவரைப் பார்த்துவிட்டு வந்து, சாலைப் பள்ளத்தைத் தவிர்க்கத் திருப்பியதாகப் பண்ட் சொன்னார் என்றார். வேகமும் குடியும் பற்றி இணையத்தில் ஓயாத பேச்சு. ஹரித்வார் போலீஸ் உத்தரப் பிரதேச எல்லையிலிருந்து நார்சன் வரை உள்ள எட்டுப் பத்து வேகக் கேமராக்களைப் பார்த்து, 80 கிலோமீட்டர் வரம்பைக் கார் தாண்டவில்லை என்று சொன்னது. குடித்தவர் டெல்லியிலிருந்து அவ்வளவு தூரம் ஒரு கீறல் இல்லாமல் வந்திருக்க முடியுமா என்றும் கேட்டது. சுற்றியிருந்தவர்கள் அவருடைய பணத்தை எடுத்துக்கொண்டு ஓடினார்கள் என்று ஒரு கதை வந்தது, அதையும் போலீஸ் மறுத்தது. இந்தக் கடைசிக் கதைதான் மிகக் கொடுமையானது. எரியும் காருக்குப் பக்கத்தில் ஓடிவந்து உதவிய கிராமத்து ஆட்கள் மேல் விழுந்த திருட்டுப் பட்டம் அது.

காரணத்தைப் பற்றி எழுதியே ஆக வேண்டும் என்றால் மூன்று சொல் போதும்: யார், எப்போது, என்ன. ‘டிசம்பர் 30 அன்று மாநிலப் போலீஸ் தலைவர் இப்படிச் சொன்னார்.’ அதற்குமேல் உங்கள் ஊகத்தைச் சேர்க்க வேண்டாம். இரண்டு தரப்பும் முரண்பட்டால் இரண்டையும் போடுங்கள், தீர்ப்புச் சொல்லாதீர்கள். வீரரின் காதல், குடும்பச் சண்டை, நேர்த்திக்கடன், ஜாதகம் எல்லாவற்றையும் விபத்தோடு முடிச்சுப் போடுபவரைக் குழுவிலிருந்து எச்சரிக்காமலே நீக்கலாம்.

மருத்துவமனைக்குப் போகாதீர்கள்

அன்பு இருந்தாலும் போகாதீர்கள். பண்ட் டேராடூனில் இருந்தபோது பார்க்க வந்துகொண்டே இருந்தார்கள். நடிகர்கள், அரசியல்வாதிகள், அதிகாரிகள். கிருமித்தொற்று அபாயம் இருக்கிறது, யாரும் வர வேண்டாம் என்று டெல்லி கிரிக்கெட் சங்கத்தின் நிர்வாகி வெளிப்படையாகக் கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. முதுகெல்லாம் தோல் உரிந்த ஒருவருக்கு ஒவ்வொரு பார்வையாளரும் ஓர் ஆபத்து. வாசலில் கூடும் கூட்டம் வேறு நோயாளியின் ஆம்புலன்ஸை மறிக்கும்.

ரத்தம் தேவை என்று ஃபார்வர்டு வந்தால் அந்த மருத்துவமனையின் ரத்த வங்கியே கேட்டிருக்கிறதா என்று போன் செய்து பாருங்கள். பெரும்பாலும் இருக்காது. கொடுக்க மனம் இருந்தால் உங்கள் ஊர் அரசு ரத்த வங்கியில் கொடுங்கள்: வயது 18 முதல் 65, எடை குறைந்தது 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5, ஆண்களுக்கு இரண்டு தானத்துக்கு நடுவே 90 நாள், பெண்களுக்கு 120 நாள். அன்று உங்கள் ஊரிலும் யாரோ ஒருவர் விபத்தில் அடிபட்டு அறுவை மேசையில் இருப்பார்.

நீங்களே அந்தச் சாலையில் இருந்தால்

பண்டைக் காப்பாற்றியது அரியானா ரோட்வேஸ் பஸ்ஸின் ஓட்டுநரும் நடத்துநரும். எதிர்த் திசையில் வந்துகொண்டிருந்தவர்கள் கார் தடுப்பில் மோதியதைப் பார்த்துப் பஸ்ஸை நிறுத்தி ஓடி அவரை விலக்கி எடுத்தார்கள், ஆம்புலன்ஸுக்குச் சொன்னார்கள், குளிருக்குப் போர்வை போர்த்தினார்கள். ஓட்டுநர் கிரிக்கெட் பார்க்காதவர், ரிஷப் பண்டை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. எல்லா வேலையையும் அவர்கள் சரியான வரிசையில் செய்தார்கள். அந்த வரிசையை எல்லாரும் தெரிந்து வைத்திருக்கலாம்.

உங்கள் வண்டியை விபத்து நடந்த இடத்திலிருந்து ஐம்பது மீட்டராவது தள்ளி, ஓரமாக, நான்கு இண்டிகேட்டரும் எரியவிட்டு நிறுத்துங்கள். பின்னால் வரும் லாரிக்குத் தெரியும்படி ஒருவர் தூரத்தில் நின்று கைப்பேசி விளக்கைக் காட்டட்டும். நெடுஞ்சாலையில் நடக்கும் இரண்டாவது விபத்து, முதல் விபத்தைப் பார்க்க நின்றவர்கள் மேல் நடப்பதுண்டு.

108 அல்லது 112. தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033 எண்ணும் உண்டு. ‘டோல்கேட் தாண்டி கொஞ்சம் தூரம்’ என்று சொன்னால் ஆம்புலன்ஸ் அலையும். தலை மஞ்சளாக இருக்கும் கிலோமீட்டர் கல்லைப் பாருங்கள். நடுவில் 200 மீட்டருக்கு ஒரு சிறு கல்லும் இருக்கும். கல்லில் உள்ள எண், எந்த ஊரை நோக்கிப் போகும் பக்கம், எத்தனை பேர், தீ இருக்கிறதா, யாராவது உள்ளே சிக்கியிருக்கிறார்களா: ஐந்தையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள்.

புகையோ தீயோ இல்லையென்றால் அடிபட்டவரை இழுக்காதீர்கள். கழுத்தெலும்பு உடைந்திருந்தால் நீங்கள் இழுக்கும் இழுப்பில் தண்டுவடம் போய்விடும். பின்னால் உட்கார்ந்து இரு கையாலும் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு பேச்சுக் கொடுங்கள்.

தீ இருந்தால் கணக்கே வேறு. உடனே எடுக்க வேண்டும். இன்ஜினை அணையுங்கள், பானட்டைத் திறக்காதீர்கள். திறந்தால் காற்று பாய்ந்து தீ எழும்பும். பஸ்ஸிலோ லாரியிலோ இருக்கும் தீயணைப்பான் கிடைத்தால் தீயின் அடிப்பகுதியில் அடியுங்கள், நுனியில் அல்ல. கதவு திறக்காவிட்டால் முன்கண்ணாடியில் நேரத்தை வீணாக்காதீர்கள். அது நடுவில் பிலிம் வைத்து ஒட்டியது, விரியுமே தவிர உதிராது. பக்கக் கண்ணாடியின் கீழ்மூலையில் கூரான இரும்பால் அடியுங்கள், நடுவில் அடித்தால் துள்ளும். சீட்டின் தலைசாய்ப்பானைப் பிடுங்கினால் அதன் இரும்புக் கால்களே கருவி. சீட் பெல்ட் பொத்தான் சிக்கினால் பிளேடால் சாய்வாக அறுங்கள். பின்னாலிருந்து இரு அக்குளுக்கும் கீழே கை கொடுத்து, அவர் தலை உங்கள் முன்கைகளுக்கு நடுவே இருக்கும்படி இழுத்து, காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கம் முப்பது மீட்டராவது கொண்டுபோங்கள்.

ரத்தம் பீறிட்டால் மடித்த துணியை வைத்து உள்ளங்கையால் அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று எடுத்துப் பார்க்காதீர்கள், உறைந்தது பிய்ந்துவிடும். துணி நனைந்தால் அதன்மேலேயே இன்னொன்று. மூச்சிருந்து நினைவில்லையென்றால் தலை, கழுத்து, முதுகு ஒரே நேராக இருக்கும்படி இருவர் சேர்ந்து ஒருக்களிக்க வையுங்கள், வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போகாது. மூச்சே இல்லையென்றால் நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஐந்து ஆறு சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்த வேண்டும். தீக்காயத்தில் பேஸ்ட், மை, மாவு எதுவும் வேண்டாம், இருபது நிமிடம் ஓடும் தண்ணீர் மட்டும்.

தண்ணீர் கொடுக்காதீர்கள். கேட்டாலும் கொடுக்காதீர்கள். கேட்கும்போது மறுப்பது மனதுக்குக் கஷ்டம்தான். மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றில் இருப்பது நுரையீரலுக்குள் போனால் அது வேறொரு விபத்து. உதட்டை ஈரத்துணியால் ஒற்றலாம்.

பர்ஸ், நகை, போன் கிடந்தால் இரண்டு பேர் பார்க்க எடுத்து, ஆம்புலன்ஸ் ஊழியர் பெயரைக் குறித்துக்கொண்டு ஒப்படையுங்கள். நார்சனில் வந்தது போன்ற திருட்டுக் கதை எழாமல் இருக்க இதுவே வழி. படம் எடுப்பது அவசியம் என்று தோன்றினால், ஆம்புலன்ஸ் போன பிறகு டயர் தடம், வண்டி எண், சாலையின் நிலை ஆகியவற்றை மட்டும் எடுத்துப் போலீஸிடம் கொடுங்கள்.

பயப்படத் தேவையில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்த்த 134ஏ பிரிவின்படி, நல்லெண்ணத்தோடு உதவியவர் மேல் வழக்குப் போட முடியாது. 2020இல் வந்த விதிகளின்படி பெயர், முகவரி, போன் எண் சொல்ல யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது, சாட்சியாக இருப்பதும் உங்கள் விருப்பம். இந்த உரிமைகளை மருத்துவமனை வாசலில் உள்ளூர் மொழியிலும் எழுதி வைக்க வேண்டும்.

அடுத்த பதினான்கு மாதம்

முதல் வாரத்தில் கோடிப் பேர் பிரார்த்திப்பார்கள், மூன்றாவது மாதம் எல்லாரும் மறந்துவிடுவார்கள். நல்ல ரசிகருக்கு வேலை இருப்பது அப்போதுதான். வீரர் தாமாக வெளியிடும் படத்துக்கு மட்டும் கருத்துச் சொல்லுங்கள். 2023 பிப்ரவரி 10 அன்று பண்ட் ஊன்றுகோலோடு நடக்கும் படத்தைப் போட்டார். அந்தப் படத்தின் கீழே ‘ஐபிஎல்லுக்கு வருவீர்களா’ என்று கேட்பது, குந்தக்கூட முடியாதவரை ஓடச் சொல்வது. ‘நடப்பதைப் பார்க்க மகிழ்ச்சி’ போதும்.

புகழாஞ்சலி போலத் தோன்றும் எதையும் உயிரோடு இருப்பவருக்குச் செய்யாதீர்கள். 2023 ஏப்ரல் 1 அன்று லக்னோவில் நடந்த ஆட்டத்தில் டெல்லி அணி அவருடைய ஜெர்சியைத் தன் பெஞ்ச் கூரையில் தொங்கவிட்டது. அன்பால் செய்ததுதான். ஆனால் இறந்தவருக்கோ ஓய்வு பெற்றவருக்கோ செய்வதுபோல் இருக்கிறது என்று வாரியத்தில் வருத்தம் என்று செய்தி வந்தது. கறுப்பு வெள்ளைப் படம், மெழுகுவர்த்தி, ‘என்றும் நினைவில்’ போன்றவை ரசிகர் போஸ்டரிலும் வேண்டாம். மூன்றே நாளில் அவர் டெல்லி மைதானத்துக்கு நேரில் வந்து ஆட்டம் பார்த்தார்.

திரும்ப வந்ததும் முதல் ஆட்டத்தை வைத்து அளக்காதீர்கள். பண்ட் 2024 மார்ச் 23 அன்று முல்லான்பூரில் ஐபிஎல் ஆடவந்தார், ஜூனில் டி20 உலகக் கோப்பை வென்ற அணியில் இருந்தார். டெஸ்டுக்குத் திரும்பியது செப்டம்பரில், சேப்பாக்கத்தில், வங்கதேசத்துக்கு எதிராக. விபத்துக்கு முன் மிர்பூரில் ஆடிய கடைசி டெஸ்டும் அதே அணிக்கு எதிராகத்தான். சென்னையில் இரண்டாவது இன்னிங்ஸில் 128 பந்தில் 109 அடித்தார். அந்தச் சதத்தைப் பற்றிப் பதிவு போடுபவர்கள் எரிந்த காரின் படத்தை இடது பக்கமும் அன்றைய படத்தை வலது பக்கமும் ஒட்டுவது வழக்கமாகிவிட்டது. இடது பக்கத்தை வெட்டிவிட்டுப் போடுங்கள்.